அறுபத்தோரு கேபி

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை மூக்கைத் திருப்பிக்கொள்வது. இருபது முப்பது வருஷம் கட்டிப்போட்ட காகிதத்துக்கென்று ஒரு வாடை உண்டு. ஈரச் சாக்கு, எலிப்புழுக்கை, பழைய பசை எல்லாம் கலந்து அடிக்கும். அப்புறம் நூலை அவிழ்க்கணும். துருவேறிய பின்னையும் கிளிப்பையும் பிடுங்கி டப்பாவில் போடணும். காது மடங்கிய மூலைகளை நீவி நிமிர்த்தி, ஸ்கேன் மெஷினின் வாயில் ஐம்பது ஐம்பதாகக் கொடுக்கணும். அது இழுத்து முழுங்கி மறுபக்கம் துப்பும். துப்பியதை எண்ணிச் சரிபார்த்து நீலத் தொட்டியில் போட்டால் நேரே அரைக்கிற மெஷினுக்குப் போய்விடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது பெட்டி.

சின்னவன் ஊரைவிட்டுக் கடல் தாண்டி இங்கே வந்து இந்த வேலையில் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. பூமிக்குக் கீழே உள்ள அறை, ஜன்னல் கிடையாது. மூலையில் ஈரம் உறிஞ்சுகிற மெஷின் ஒன்று சளி பிடித்தவன் மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். வெளியே மழையா வெயிலா என்பது, வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும். ஊரார் காகிதம் என்பதால் உள்ளே போன் கூடாது. வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் நுழையணும்.

வேலையின் சூட்சுமம் எல்லாம் அளவில்தான். டைப் அடித்த கடிதமென்றால் வெறும் கறுப்பு வெள்ளை போதும், ஃபைல் இறகு மாதிரி இருக்கும். பென்சில் எழுத்து, மங்கின கையெழுத்து என்றால் சாம்பல் நிறத்தில் எடுக்கணும். ரப்பர் முத்திரைக்கும் போட்டோவுக்கும் கலர். ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது அதற்குமேல் ஒரு கணக்கு. கூட்டிவைத்தால் ஃபைல் ஊறின ரொட்டி மாதிரி உப்பி, சேர்த்துவைக்க இடம் கொள்ளாது. குறைத்தால் கண்ணும் மூக்கும் காணாமல் போகும். கையில் எடுத்த தாளைப் பார்த்த மாத்திரத்தில் எது எதற்குப் போகும் என்று சின்னவன் சொல்லிவிடுவான். மேற்பார்வைக்காரம்மாவே சந்தேகத் தாளை அவன் மேஜையில்தான் கொண்டுவந்து வைப்பாள்.

அதனால்தான் வீட்டில் அந்தப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது.

அவனுடைய அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. பஸ் பட்டறையில் தகரம் தட்டி நிமிர்த்துகிற வேலை பார்த்தவன். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருப்பான். அவனுக்கு அடுத்தவள் அக்கா, மருந்துக்கடையில் நிற்கிறவள். அவளுடைய ரத்தமும் சதையும் பொருந்திவிட்டன. தன்னில் ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள், அத்தானும் சம்மதக் கையெழுத்துப் போட்டாச்சு.

ஆனால் கொடுக்கிறவளும் வாங்குகிறவனும் கூடப்பிறந்தவர்கள்தானா என்று ஒரு குழு பார்த்து ஒப்புக்கொள்ளணும். காசுக்கு ஆள் பிடித்து அக்கா தங்கச்சி என்று காட்டுகிறவர்கள் அதிகமாம். அந்தக் குழு மாதம் ஒரு தடவைதான் கூடும். காகிதமெல்லாம் இணையத்தில் ஏற்றணும். ஒரு ஃபைல் ஐந்நூறு கேபிக்கு மேல் போகக்கூடாது, எழுத்தும் முகமும் தெளிவாகத் தெரியணும், இரண்டும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருந்தது. சின்ன வயதில் இரண்டு பேரும் பெற்றவர்களோடு இருக்கிற படம் குறைந்தது ஒன்று வேண்டும்.

முதல் மாதம் அக்கா தெருமுனைக் கடையிலேயே வேலையை முடித்தாள். கடைக்காரன் எடுத்த ஃபைல் பெரிதாக இருந்து ஏறவில்லை. அவன் உடனே எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் அடித்துச் சுருக்கிவிட்டான். பிறப்புச் சான்றிதழில் இருந்த வெளிர் ஊதா முத்திரை சுத்தமாக மறைந்துவிட்டது. முத்திரை இல்லாத சான்று செல்லாது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரு மாதம் போச்சு. அந்த ஒரு மாதத்தில் அண்ணனுக்கு இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. அடுத்த கூட்டத்தையும் விட்டால் ஆபரேஷன் தாங்குகிற உடம்பு இருக்காது என்று டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன் என்றான் சின்னவன். சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று வருஷமாக மாதம் தவறாமல் பணம் அனுப்பியும், தான் என்ன வேலை பார்க்கிறோம் என்பதை வீட்டுக்கு அவனால் விளங்கவைக்க முடிந்ததில்லை. ஜெராக்ஸ் கடை மாதிரி ஏதோ என்றுதான் அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்.

அப்பா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தையல்காரர். போனில் அவருக்குத் தெரிந்தது பேசவும் படம் எடுக்கவும்தான். அவர் எடுத்தனுப்பிய சான்றிதழ்களில் அவருடைய கட்டைவிரல் இல்லாத சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. இது அப்பாவோட கைநாட்டுன்னு நெனச்சு ஏத்துக்குவாங்களோ என்னமோ என்று அக்கா கிண்டல் பண்ணினாள். போதாததற்கு, அரட்டைச் செயலியில் படமாக அனுப்பினால் அது வழியிலேயே பிழிந்து சக்கையாக்கித்தான் கொண்டுவந்து சேர்க்கும். அவர் அதையும் முதலில் சித்தப்பாவுக்கு அனுப்பி, சித்தப்பா பார்த்துச் சரி என்று திருப்பி அனுப்பினதைத்தான் இவனுக்குத் தள்ளுவார். ஒவ்வொரு கை மாறும்போதும் படம் ஒரு சுற்று இளைக்கும்.

சின்னவன் வேலைக்கு நடந்துபோகிற வழியில் போனிடம் பேசிப் பேசி எழுத்தாக்கி, எதை எந்தக் கடையில் எந்த அளவில் எடுக்கணும், எப்படி அனுப்பணும் என்று படிப்படியாக அக்காவுக்கு அனுப்பினான். நாலு நாளில் சான்றிதழ்கள் ஒழுங்காக வந்துசேர்ந்தன. முத்திரை ஊதா நிறத்திலேயே தெரிந்தது. ஐந்நூறுக்குள் அடக்கினான், ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தான், திருப்தியாக இருந்தது. மிச்சம் அந்தப் படம் மட்டும்தான்.

அவர்கள் வீட்டில் இருந்ததே ஒரு குடும்பப் படம். கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். அப்பா நிற்க, அம்மா நாற்காலியில். அம்மா மடியில் இரண்டு வயது அக்கா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது அண்ணன். சின்னவன் பிறக்க இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அவனுக்கு நாலு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. அவளுடைய முகம் என்று அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுவரில் பார்த்ததுதான்.

அப்பா அதைச் சுவரில் இருந்தபடியே போனில் எடுத்து அனுப்பியிருந்தார். சின்னவன் மத்தியான இடைவேளையில் லாக்கர் பக்கத்தில் நின்று ரொட்டியைக் கடித்துக்கொண்டே பார்த்தான். அறுபத்தோரு கேபி. உடனே கூப்பிட்டான்.

“அப்பா, கண்ணாடில உங்க போன் தெரியுது, உங்க பனியன் தெரியுது. அம்மா மூஞ்சிதான் மாவு பூசின மாதிரி இருக்கு.”

“நேரா நின்னா வெளிச்சம் அடிக்குது, சாஞ்சு நின்னா கோணலா வருது. நான் என்னடா பண்ண?”

“பிரேம்லருந்து வெளிய எடுங்கப்பா. கடைல குடுத்து கலர்ல, அறுநூறு புள்ளில போடச் சொல்லுங்க. சைஸை நான் இங்க குறைச்சுக்கறேன். பெருசைச் சிறுசாக்கலாம், சிறுசைப் பெருசாக்க முடியாது.”

“அது கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருக்குடா. கூரை ஒழுகுச்சே, அந்த வருஷம் ஒட்டினது.”

மேற்பார்வைக்காரம்மா கதவைத் திறந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். இடைவேளை முடிய இரண்டு நிமிஷம்.

“நுனில லேசாத் தூக்கி மெதுவா இழுங்க. தையல் பிரிக்கிற கைதானே உங்களுது. வந்துரும்.”

“வந்துருமா?”

“வந்துரும்பா.”

போனைப் பூட்டிவிட்டு உள்ளே போனான்.

அவன் மேஜைக்கு நேர் எதிரே சுவரில் வேலை விதிகள் ஒட்டியிருந்தன. ஒன்பதாவது விதி, கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்காதே, கண்ணாடியோடு சேர்த்து வைத்து எடு என்பது. போன மாதம்கூட யாரோ ஒரு முன்னாள் மேயரின் படத்தை அவன் அப்படித்தான் எடுத்திருந்தான். தெரியாமல் சொன்னதல்ல. ஒரு முறை திரும்பி வந்த விண்ணப்பம் இன்னொரு முறை திரும்பக்கூடாது, இமை மயிரைக்கூட எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒரு படம் கொடுத்து அந்தக் குழுவின் வாயை அடைக்கணும் என்ற வெறி. அதில் கண்ணாடி ஒரு இடைஞ்சலாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் லாக்கரைத் திறந்தபோது அப்பாவிடமிருந்து மூன்று அழைப்புகள் வந்து நின்றிருந்தன. கூப்பிட்டான். “ஒண்ணுமில்லடா, சும்மாத்தான். சாப்ட்டியா?” என்றார். கடைக்குப் போனீர்களா என்றதற்கு, மழை, கரண்ட் இல்லை என்றார். மறுநாளும் மழை என்றார்.

விண்ணப்பம் ஏற்றக் கடைசி நாள் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பொதுத் துணி துவைக்கிற அறையில் பிழிந்த சட்டைகளை உதறிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

“படம் போச்சுடா.”

“எங்க போச்சு?”

“இந்த மனுஷன் கண்ணாடிலருந்து பிச்சிருக்காரு. பாதி வந்து நின்னுருச்சாம். உடனே துணியை ஊறவைக்கிற மாதிரி கண்ணாடியோட தூக்கித் தண்ணில போட்டுட்டாரு. ஊறினதும் கலரெல்லாம் வழவழன்னு கையோட வந்துருச்சு. அண்ணன் மட்டும் பாக்கி. அம்மா இல்ல, நான் இல்ல. மூணு நாளா துணிக்கட்டுக்கு அடில ஒளிச்சு வச்சிருந்திருக்காரு. நான் ஊசி தேடப்போய்ப் பாத்தேன்.”

சின்னவன் கையிலிருந்த சட்டை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாரு எடுக்கச் சொன்னதாம்?” என்று கேட்டான்.

“யாரும் சொல்லல, நானாத்தான் எடுத்தேங்கறாரு. எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு அவசரம். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பல்ல? நான் இனி அவர்கிட்ட பேசறதா இல்லடா. அம்மாவை ரெண்டாந்தடவை சாகடிச்சிட்டாரு.”

அவன் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பதில், அந்தப் போட்டோ அப்பா போனில் இருக்கா பார் என்றான். இல்லை. உனக்குத்தான் அனுப்பியாச்சே என்று இடத்தை அடைக்காமல் இருக்க அழித்துவிட்டிருந்தார். சித்தப்பா போனிலும் இல்லை. ஆக, இவன் கையிலிருந்த அறுபத்தோரு கேபிதான் பாக்கி.

அன்றைக்கு முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரிதாக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. கூர்மையாக்கினால் மூக்கைச் சுற்றிக் கரி பூசின மாதிரி கோடு வந்தது. கூட இருந்த சமையல்காரர், அறைக்கு அவர்தான் மூத்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, மங்கின முகத்தைப் பளிச்சென்று ஆக்குகிற செயலி ஒன்று இருக்கிறதே, அதில் போட்டுப் பாரேன் என்றார். போட்டான். பத்து விநாடி சுற்றியது.

நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். புருவம் முடி முடியாக, உதட்டில் ரேகை, கண்ணில் ஒளிப்பொட்டு, எல்லாம் இருந்தது. புடவை அம்மாவுடையது. அந்த முகத்தை அவன் வெகுநேரம் பார்த்தான். அம்மா இப்படித்தான் இருந்தாளோ என்று தோன்றியது. இல்லை என்று சொல்ல அவனிடம் ஆதாரம் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு அனுப்பினான். போனதும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது, ஆனால் பதில் வரவில்லை. அவனே கூப்பிட்டான்.

“யாருடா இது?” என்றார் அப்பா.

“அம்மாப்பா. தெளிவாக்கியிருக்கு.”

“நல்லாத்தான் இருக்கா. ஆனா இது அவ இல்லடா.” கொஞ்சம் பொறுத்து, “இதையெல்லாம் அனுப்பி வைக்காத. அவங்க பாத்தா நம்மளைக் கள்ளன்னு சொல்லுவாங்க” என்றார்.

அழித்துவிட்டான். திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் அந்த அறுபத்தோரு கேபியை அப்பாவின் போன், பனியன் நிழலோடு அப்படியே ஏற்றினான். ஐந்நூறு வரை அனுமதி இருந்தது. நிரப்ப அவனிடம் ஒன்றுமில்லை. அன்று மூன்று தரம் தாளைத் தலைகீழாக மெஷினில் கொடுத்தான். மேற்பார்வைக்காரம்மா அவன் எதிரில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்ததும் அண்ணனுடைய அரை லிட்டர் ஞாபகம் வந்து, தாகமாக இருந்தும் தொடவில்லை.

புதன்கிழமை குழு கூடியது. மத்தியானம் லாக்கரைத் திறந்து கூப்பிட்டான். அக்கா எடுத்ததும் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று முதலில் பிடிபடவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

நாலு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். மொத்தமே ஐந்து நிமிஷம்தானாம். அண்ணனையும் அக்காவையும் பக்கத்தில் நிற்கவைத்து, சண்டை போட்டுக்குவீங்களா என்று ஒரு அம்மா கேட்டாளாம். அண்ணன், இப்ப தெம்பில்லைங்க, கிட்னி வந்ததும் போடணும் என்றானாம். எல்லாரும் சிரித்துவிட்டார்களாம்.

“படத்தைப் பாத்தாங்களாக்கா?”

“பாத்தாங்களே. கம்ப்யூட்டர்ல காட்டி இது யாருன்னு கேட்டாங்க. அம்மான்னேன். சரின்னு டிக் போட்டுட்டாங்க.”

“பெருசாக்கிப் பாத்தாங்களா?”

“இல்லடா, என் கட்டைவிரல் நகம் அளவுதான் தெரிஞ்சுது. எனக்கே யாரு யாருன்னு தெரியல. ஏன் கேக்கற?”

சும்மாத்தான் என்றான். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பார்க்க அந்த அறுபத்தோரு கேபியே அதிகம். அது முதல் நாளே அவன் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் விடுப்பு எடுத்துக்கொண்டான். காலையில் அக்காவை உள்ளே கொண்டுபோகிற நேரத்துக்கு முன்னால் போன் பண்ணினான். அவளுக்குப் பச்சைச் சட்டை மாட்டி வளையலைக் கழற்றி அத்தான் கையில் கொடுத்தாயிற்றாம். பக்கத்தில் அப்பா நின்றார். அக்கா இன்னும் அவரோடு பேசவில்லை. கத்திக்கு உடம்பைக் கொடுக்கப் போகிறவள் மனசில் இதை வைத்துக்கொண்டு போகக்கூடாது என்று இவனுக்குத் தோன்றியது.

“அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. படத்தைப் பிக்கச் சொன்னது நான்தான். அப்பா ஒட்டியிருக்குன்னு சொன்னாரு. நான்தான் இழுங்க வரும்னேன். பிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

அக்கா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “உங்க புள்ள சொல்றது நெசமா?” என்று கேட்பது கேட்டது. பத்து நாளில் அப்பாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

“அவனுக்கு என்ன தெரியும்? அவன் அங்க கெடக்கான்” என்றார் அப்பா. “நானாத்தான் பிச்சேன்.”

“பாத்தியாடா,” என்றாள் அக்கா. “சின்ன வயசுலருந்தே அவரு தப்பு பண்ணினா நீ பரிஞ்சுக்கிட்டு வருவ. நான் சமாதானமாகணும்னு பொய் சொல்றியா? ஆபரேஷனுக்குப் போறவகிட்டயா?”

“அக்கா, பொய் இல்ல, சத்தியமா.”

“சரி சரி, பேசறேன் அவரோட. எந்திரிச்சு வந்து பேசறேன். கூப்பிடறாங்க.” அவள் போனை அப்பாவிடம் கொடுத்தாள். சக்கரம் உருளுகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று.

“ஏம்பா அப்படிச் சொன்னீங்க?” என்றான்.

“நீ வைடா. டாக்டர் யாராவது கூப்பிடுவாங்க.”

அவன் அறையிலேயே இருந்தான். சமையல்காரர் வேலைக்குப் போகுமுன் சோறும் முட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தார், ஆறிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை சாய்வாக அடித்தது; எதிர்க் கட்டடத்துக் கொடியில் யாரோ எடுக்க மறந்த துண்டு நனைந்து கனத்தது. ஐந்து மணி நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். இரண்டு பேரும் வெளியே வந்தாச்சு. அண்ணனுக்கு மேஜையில் இருக்கும்போதே சிறுநீர் இறங்க ஆரம்பித்துவிட்டதாம். டாக்டர் அதைக் காட்டினாராம். ஒரு பையில் வெளிர் மஞ்சளாக, தேநீர் மாதிரிகூட இல்லை, தண்ணி மாதிரி இருந்துச்சுடா என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னவன் அழுதான். அவர் அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டார்.

பேச்சு முடிந்தது மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் வைக்கவில்லை. நடைபாதையில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

“டேய்.”

“சொல்லுங்கப்பா.”

“உங்கம்மாவுக்குக் கன்னத்துல ஒரு மச்சம் இருக்குமே. அது இடது பக்கமா, வலது பக்கமா? உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன், மாறி மாறி வருது. படத்துல பாத்துச் சொல்லு. உன்கிட்டதானே இருக்கு.”

அவன் பார்க்கிறேன் என்றான். பேச்சைத் துண்டிக்காமல் படத்தைத் திறந்து, அம்மா முகத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினான். அந்த இடத்தில் ஏழெட்டுக் கட்டங்கள் இருந்தன, எல்லாம் ஒரே நிறத்தில். இடது கன்னத்தில் ஒன்றுமில்லை. வலது கன்னத்திலும் ஒன்றுமில்லை.

“தெரியுதாடா?”

“தெரியுதுப்பா,” என்றான். “இடது பக்கம்.”

“ஆமா, இடதுதான்,” என்றார் அப்பா. “நானும் இடதுன்னுதான் நெனச்சேன்.”